மைதானத்தில் ஏன் இந்தச் சோர்வு?
பாலும் தொடாத நனிசைவத்துக்கு மாறி, தினமும் கால்பந்து ஆடும் 16 வயதுப் பெண்ணுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கினால், முதலில் இரும்புச்சத்தைக் கவனியுங்கள். தசைகளுக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். வளர்ச்சிக்கும் வேண்டும், மாதவிடாயிலும் அது வெளியேறுகிறது. பயறு, கீரையில் உள்ள இரும்போ குடலில் எளிதில் சேராது. வைட்டமின் சி அதைக் கரையும் வடிவுக்கு மாற்றும். அதனால் சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், நெல்லிக்காய் கொடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. அது பாக்டீரியாக்கள் உருவாக்குவது. காய்கறியை நம்ப முடியாது, மாத்திரையோ செறிவூட்டிய உணவோ கட்டாயம். ஆடுவதற்குத் தெம்பு வேண்டுமே: பயிற்சிக்கு முன் வாழைப்பழம், பிறகு கடலை உருண்டை கொடுங்கள்.

சோர்வு நீடித்தால் ரத்தப் பரிசோதனையில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அந்தச் சேமிப்பு வற்றியிருக்கலாம்.