லட்ச டாலர் சம்பளம்... காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா? டெக்சாஸ் எண்ணெய் வயல் லாரி டிரைவர்களின் கணக்கு

கச்சா எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி தவறாமல் வரும். டெக்சாஸ் எண்ணெய் வயலில் லாரி ஓட்டினால் வருஷத்துக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கலாம் என்பதுதான் அது. நம்ம காசில் 80 லட்சம் ரூபாய்க்கும் மேல். டிகிரி வேண்டாம், கனரக வாகன லைசென்ஸ் போதும்.

செய்தி பொய் இல்லை. ஆனால், அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி, 2023-ல் கனரக லாரி டிரைவர்களில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் 54,320 டாலருக்கும் கீழேதான். அப்படியென்றால் எண்ணெய் வயலில் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? எதற்காக அந்தப் பணம்?

எண்ணெய்க் கிணற்றில் லாரிக்கு என்ன வேலை?

டெக்சாஸின் மேற்குப் பகுதியும் நியூ மெக்சிகோவின் தென்கிழக்கும் சேர்ந்ததுதான் பெர்மியன் படுகை. அமெரிக்காவிலேயே மிக அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கப்படும் பகுதி. மிட்லாண்ட், ஒடெசா ஆகியவை இதன் முக்கிய நகரங்கள்.

இங்கே எண்ணெய் பாறைக்குள் சிக்கியிருக்கிறது. தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் கலந்து, பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். இதைத்தான் 'ஃப்ராக்கிங்' என்கிறார்கள். ஒரு கிணற்றுக்கே ஆயிரக்கணக்கான டன் மணல் வேண்டும். ஒரு லாரி ஒரு நடைக்குக் கொண்டுபோவதோ சுமார் 20 முதல் 25 டன்தான். எத்தனை நடை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதோடு முடியவில்லை. எண்ணெயோடு சேர்ந்து உப்புத் தண்ணீரும் வெளியே வரும், அதுவும் எண்ணெயைவிடப் பல மடங்கு. குழாய் இல்லாத இடங்களில் அதை டேங்கரில்தான் அள்ளிக்கொண்டு போக வேண்டும். கச்சா எண்ணெய்க்கும் அதே கதை.

சம்பளம் எப்படிக் கணக்கிடுறாங்க?

சில கம்பெனிகள் மணிக்கணக்கில் கொடுக்கும். பல இடங்களில் லோடு கணக்கு. ஒரு லோடுக்கு இவ்வளவு அல்லது லோடு வாடகையில் இத்தனை சதவீதம். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பேச்சுக்கு, லோடுக்கு 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரத்தில் மூன்று நடை அடித்தால் 900 டாலர், அதாவது மணிக்கு 75 டாலர். ஆனால் கிணற்றில் பம்ப் பழுது, முன்னால் இருபது லாரி வரிசை என்றால் அதே 12 மணி நேரத்தில் ஒரே நடைதான். இப்போது மணிக்கு 25 டாலர். டிரைவர் சோம்பலாக இருந்ததால் இது நடக்கவில்லை. தாமதம் யாருடையதோ, இழப்பு அவருடையது.

காத்திருப்புக்குத் தனிக் கட்டணம் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இலவசம், அதன் பிறகே மீட்டர் ஓடும். அந்தக் கட்டணமும் டிரைவர் கைக்கு முழுசாக வருமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இன்னொரு வகை, சொந்த லாரி அல்லது லீஸ் லாரி வைத்து ஓட்டுபவர்கள். காகிதத்தில் இவர்கள் தொழிலாளிகள் அல்ல, 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்'. வருமானம் பெரிதாகத் தெரியும். ஆனால் டீசல், டயர், இன்ஷூரன்ஸ், ரிப்பேர், லாரித் தவணை எல்லாம் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். செய்திகளில் வரும் பெரிய தொகை இந்தச் செலவுகளைக் கழிப்பதற்கு முன்பா, பின்பா என்று பார்ப்பது அவசியம்.

ஓவர்டைம் கிடையாதா?

அமெரிக்காவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது 1938-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் அதே சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுபோகும் கனரக லாரி டிரைவர்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. அதனால் 70 மணி நேரம் உழைத்தாலும் பலருக்கு ஓவர்டைம் கேட்கும் உரிமை கிடையாது.

எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

மத்திய அரசு விதிப்படி, 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். வேலை தொடங்கி 14 மணி நேரம் ஆகிவிட்டால் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. டெக்சாஸுக்குள்ளேயே ஓடும் லாரிகளுக்கு மாநில விதி இன்னும் தளர்வு: 8 மணி நேர ஓய்வு, 12 மணி நேர ஓட்டம்.

எண்ணெய் வயலுக்கென்று தனிச் சலுகையும் உண்டு. மற்ற டிரைவர்கள் தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வெடுத்தால்தான் வாரக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எண்ணெய் வயல் வேலைக்கு மட்டுமே ஓடுபவர்களுக்கு 24 மணி நேரம் போதும். கிணற்றுப் பராமரிப்புக்கென்றே உருவாக்கப்பட்ட சிறப்பு வாகனங்களின் டிரைவர்களுக்கு, கிணற்றடியில் காத்திருக்கும் நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வராது. சாதாரண மணல், தண்ணீர் லாரிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்று 2012-ல் மத்திய போக்குவரத்து அமைப்பு தெளிவுபடுத்தியது.

சலுகை யாருக்கு? வண்டியை ஓட வைக்க நினைப்பவருக்குச் சலுகை. தூக்கம் கெட்டு வீடு திரும்பும் டிரைவருக்கு அது வேறு மாதிரி தெரியும்.

ஆபத்து எங்கே இருக்கு?

எண்ணெய் வயல் என்றதும் தீ விபத்துதான் நினைவுக்கு வரும். புள்ளிவிவரம் வேறு சொல்கிறது. 2003 முதல் 2013 வரை அமெரிக்க எண்ணெய், எரிவாயு எடுப்புத் துறையில் வேலையின்போது 1,189 பேர் இறந்தார்கள். அதில் 479 பேரின் உயிரைப் பறித்தது போக்குவரத்து விபத்து. மற்ற எந்தக் காரணத்தையும்விட இதுவே அதிகம். பெர்மியன் வழியாகப் போகும் 285-ம் எண் நெடுஞ்சாலைக்கு உள்ளூரில் வைத்திருக்கும் பெயரே 'மரண நெடுஞ்சாலை'.

கச்சா எண்ணெய் ஏற்றும் டிரைவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏற்றுவதற்கு முன் டேங்க் மேல் ஏறி, மூடியைத் திறந்து அளவு பார்க்க வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும். அப்போது வெளியேறும் வாயு ஆளையே சாய்த்துவிடும். 2010 ஜனவரி முதல் 2015 மார்ச் வரை இப்படி டேங்க் அருகே 9 தொழிலாளர்கள் இறந்ததை அமெரிக்கச் சுகாதார ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

விலை விழுந்தால்?

2014 நடுவில் ஒரு பேரல் 100 டாலருக்கு மேல். 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழ். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை மைனஸ் 37.63 டாலர்! விலை விழுந்தால் கிணறு தோண்டுவது நிற்கும். தோண்டுவது நின்றால் லோடு இல்லை. லீஸ் லாரியின் தவணை மட்டும் நிற்காது.

இனி என்ன?

பெர்மியனில் கெர்மிட் நகருக்கு அருகிலிருந்து நியூ மெக்சிகோவுக்குள் மணல் கொண்டுபோக 42 மைல் நீள கன்வேயர் பெல்ட் 2025-ல் ஓடத் தொடங்கியது. டிரைவரே இல்லாத மணல் லாரிகளும் அங்கே வந்துவிட்டன. சாலையில் லாரி குறைந்தால் விபத்தும் குறையும், அது நல்லதுதான். ஆனால் இயந்திரம் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றாலும் சம்பளம் கேட்காது. காத்திருப்புக்குக் காசு கேட்கும் டிரைவரின் பேர பலம் இதனால் இன்னும் குறையும்.

எனவே அடுத்த முறை 'லட்ச டாலர் டிரைவர்' என்ற செய்தியைப் பார்த்தால் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். அது எத்தனை மணி நேரத்துக்கான சம்பளம்? காத்திருப்புக்குக் காசு உண்டா? டீசலும் தவணையும் யார் கணக்கு? விலை விழுந்தால் வேலை இருக்குமா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால்தான் அது பெரிய சம்பளமா, நீண்ட வேலை நேரமா என்று சொல்ல முடியும்.