போலீசியாவின் கருக்கள்: கதிர்வீச்சும் நஞ்சும் சேருமிடம்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது வெளியேறிய கதிரியக்கச் சீசியம்-137, உக்ரைனின் வடமேற்கே ரிவ்னே மாகாணத்திலுள்ள போலீசியச் சதுப்பு நிலங்களிலும் படிந்தது. பொட்டாசியத்தை ஒத்த வேதிப்பண்புடைய இத்தனிமத்தைக் களிமண் இறுகப் பிடித்துக்கொள்ளும்; போலீசியாவின் மணலும் மக்கிய சதுப்பு மண்ணும் அவ்வாறு பிடித்துவைக்காததால், அது புல்லில் ஏறிப் பசுவின் பாலிலும், காட்டுக் காளானிலும் பெர்ரிப் பழங்களிலும் எளிதில் சேர்ந்துவிடுகிறது. இவற்றை நம்பியே வாழும் கிராமங்களில் கருவுற்ற பெண்களின் உணவும் இவையே.

மரபியல் மருத்துவர் விளாடிமிர் வெர்ட்டெலெக்கி, 2000 முதல் 2006 வரை இம்மாகாணத்தில் நிகழ்ந்த ஏறத்தாழ 96,000 பிறப்புகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நரம்புக்குழாய்க் குறைபாடுகள் அங்கு 10,000 பிறப்புகளுக்கு 22 என்ற அளவில் ஐரோப்பாவின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்தன; போலீசியப் பகுதியில் அவை மேலும் மிகுந்திருந்தன. பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் உருப்பெறும் நரம்புக்குழாய், கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் முழுமையாக மூடிக்கொள்ளாவிட்டால், முதுகெலும்புப் பிளவு முதலிய குறைபாடுகள் தோன்றுகின்றன. கதிர்வீச்சே காரணம் என்று வெர்ட்டெலெக்கி முடிவுகட்டாமல், தாயின் மதுப்பழக்கத்தையும் ஃபோலிக் அமிலப் பற்றாக்குறையையும் சேர்த்து ஆராய வேண்டும் என்றார். அந்த நிதானம் போற்றத்தக்கது. ஏனெனில் கதிர்வீச்சு டி.என்.ஏ. இழைகளை அறுக்க, அவற்றைச் செப்பனிடுவதற்கான மூலப்பொருள்களை உருவாக்கத் தேவைப்படும் ஃபோலிக் அமிலத்தை உடல் பெறவிடாமல் மது தடுக்குமாயின், ஒன்றின் சேதத்தை மற்றொன்று பெருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

இத்தகைய கூட்டு விளைவை ஆய்வகத்தில் காட்டியவர்களுள் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த பெர் எரிக்சன் குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். மனிதரில் கருக்காலத்தின் கடைசி மாதங்களில் தொடங்கும் மூளையின் விரைவு வளர்ச்சி சுண்டெலிகளுக்குப் பிறந்த பின்னரே நிகழ்வதால், பத்து நாள் குட்டிகளுக்குச் சிறிதளவு மெத்தில் பாதரசம் புகட்டிக் காமாக் கதிர்களையும் செலுத்தினர். தனித்தனியே தீங்கு விளைவிக்காத அளவுகள் இணைந்தபோது நடத்தை மாறியது: புதிய கூட்டில் விட்ட சிறிது நேரத்தில் அலைச்சல் குறைந்து அடங்க வேண்டிய எலிகள், வளர்ந்த பிறகும் அவ்வாறு அடங்கவில்லை.

எனினும் பாதுகாப்பு வரம்புகள் தனித்தனியாகவே வகுக்கப்படுகின்றன. கர்ப்பத்தைத் தெரிவித்த பெண் பணியாளரின் கருவுக்குக் கூடுதலாகச் சேரும் கதிர்வீச்சு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்பது பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை. பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் வேறு அமைப்புகள் வேறு அளவுகளைக் குறிக்கின்றன. கதிர்வீச்சையும் இந்நஞ்சுகளையும் ஒருங்கே ஏற்கும் கருவைக் கணக்கில் கொள்ளாத இம்முறை போதாது. சீசியத்தை மண்ணிலிருந்து அகற்றுவது அரிதாயினும், கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கிடைக்கச் செய்வது எந்த அரசுக்கும் இயலும்; கர்ப்பம் உறுதியான பின் கொடுக்கப்படும் மாத்திரை, நரம்புக்குழாய் மூடும் அந்த நான்கு வாரங்களைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகிறது.