ஓரிரவு வீடும் ஒளித்துக் கட்டிய வீடும்

ஆங்கிலேயனுடைய வீடு அவனுடைய கோட்டை என்று அந்நாட்டார் பெருமையுடன் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் அக்கோட்டையைத் தன் சொந்த நிலத்தில் தன் இஷ்டப்படி எழுப்ப அவனுக்கு உரிமையுண்டா என்று கேட்டால், இல்லை என்பதே அந்நாட்டுச் சட்டத்தின் விடை. 1947-ஆம் வருஷத்து நகர, நாட்டுப்புற அமைப்புச் சட்டம் 1948 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தது. அன்று முதல் பூமி சொந்தக்காரனுடையதாயிருந்தபோதிலும், அதில் கட்டடம் எழுப்பும் உரிமை ஸ்தல ஸ்தாபனத்தின் அனுமதிக்குக் கட்டுப்பட்டதாயிற்று. இப்பொழுது வழங்கும் 1990-ஆம் வருஷத்துச் சட்டமும் அதே அஸ்திவாரத்தின் மீதே நிற்கிறது.

இதைக் கொடுங்கோன்மை என்று நாம் சொல்ல மாட்டோம். இரண்டு மகா யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ராஜபாட்டைகளின் இருமருங்கிலும் வீடுகள் வரிசை வரிசையாய் முளைத்து விளைநிலங்களை விழுங்கி வந்தன. 1935-லேயே அதைத் தடுக்க ஒரு தனிச் சட்டம் செய்ய நேர்ந்தது. ஆகவே விதி வேண்டியதுதான். ஆனால் அவ்விதியின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? வீடு கட்ட அனுமதி பெற்ற மனையின் விலை, அனுமதியற்ற வயலின் விலையைப் போல் பன்மடங்கு. அவ்விலை கொடுக்க இயலாதவன் ஒரு துண்டு மேய்ச்சல் நிலத்தையோ தோப்பையோ வாங்குகிறான். அதன் நடுவே பலகையால் ஒரு சிறு குடில் அமைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவின்றி வாழ்ந்துவிடலாம் என்று எண்ணுகிறான். அவனுடைய எண்ணத்தில் குற்றமில்லை. அவன் நம்பும் சட்ட ஞானத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

சிறியதற்கு அனுமதி எதற்கு என்பது அவன் முதல் நம்பிக்கை. தோட்டத்தில் கொட்டகை போட்டுக்கொள்ள அனுமதி வேண்டாம் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அது உண்மையே. ஆனால் அச்சலுகை ஏற்கெனவே உள்ள ஒரு வீட்டைச் சேர்ந்த வளவுக்குள் மட்டும் செல்லும். வீடே இல்லாத வயலில் அது பேசாது. அஸ்திவாரமில்லாமல் நிறுத்திவிட்டால் அது கட்டடமாகாது என்பது அடுத்த நம்பிக்கை. லண்டன் நகரின் ஓரத்திலுள்ள ஹாரோவில் ஒரு ஹோட்டல்காரர் வருஷத்துக்கு எட்டு மாதம் நாற்பது மீட்டர் நீளமுள்ள கூடாரம் ஒன்றைத் தம் புல்வெளியில் அடித்து வந்தார். அளவு, நிலைத்திருக்கும் காலம், தரையோடு உள்ள தொடர்பு இவற்றைச் சேர்த்துப் பார்த்து, கூடாரமும் கட்டடமே என்ற முடிவை 2000-ல் அப்பீல் கோர்ட்டு ஊர்ஜிதம் செய்தது. காரவான் என்னும் வண்டிவீட்டை நிறுத்தினாலோ, அது பெரும்பாலும் கட்டடமாகாது. ஆனால் அதில் குடியிருப்பது நிலத்தின் உபயோகத்தை மாற்றியதாகும். அதற்கும் அனுமதி வேண்டும்.

சரி, அனுமதியின்றிக் கட்டிவிட்டான், நேர்வது என்ன? ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அனுமதியில்லாமல் கட்டுவது சாதாரணமாகக் குற்றமல்ல. இடித்து அப்புறப்படுத்தும்படி கவுன்ஸில் விடுக்கும் நோட்டீசுக்குக் கீழ்ப்படியாதிருப்பதே குற்றம். நோட்டீஸ் அமுலாகக் குறைந்தது 28 நாள் தவணை உண்டு. அதற்குள் அப்பீல் செய்யாதவன் தன் வாதங்களில் அநேகமாக எல்லாவற்றையும் இழந்து விடுகிறான். காகிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, வந்தால் பார்த்துக்கொள்வோம் என்றிருந்தவர்கள் கெட்டது இவ்விடத்தில்தான். அதற்குப் பின் அபராதத்துக்கு உச்ச வரம்பில்லை. கவுன்ஸிலாரே வந்து இடித்துவிட்டு, இடித்த செலவைச் சொந்தக்காரனிடமே வசூல் செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கோர்ட்டின் தடையுத்தரவை மீறினால் சிறைவாசமும் உண்டு.

இவ்வளவும் தெரிந்தும் ஒருவன் துணிகிறானென்றால், அவன் நம்புவது காலத்தை. வீடு கட்டி நான்கு வருஷம் வரை நோட்டீஸ் வராவிட்டால் பிறகு அதை யாரும் அசைக்க முடியாது என்றொரு விதி நெடுங்காலம் இருந்தது. இவ்விதிதான் மனிதரை ஒளித்துக் கட்டத் தூண்டியது. சர்ரே ஜில்லாவில் ஸால்போர்ட்ஸ் என்னும் ஊரில் ஒரு விவசாயி, வைக்கோற் கட்டுகளை மதிலாக அடுக்கி, அதன் மறைவில் மெய்யான கோட்டை போன்ற வீட்டைக் கட்டிக் குடும்பத்தோடு குடியிருந்தார். நான்கு வருஷம் கழிந்ததென்று 2006-ல் வைக்கோலை அகற்றினார். வைக்கோலை அகற்றியதும் கட்டுமான வேலையின் பகுதியே, ஆகையால் வேலை 2006-ல்தான் முடிந்தது என்று விசாரணை அதிகாரி தீர்த்தார். 2010-ல் ஹைக்கோர்ட்டும் அதை ஒப்பியது. 2016-ல் கோட்டை தரைமட்டமாயிற்று. ஹெர்ட்பர்ட்ஷையரில் மற்றொருவர் வைக்கோற் களஞ்சியத்துக்கு அனுமதி வாங்கி, வெளியே களஞ்சியமும் உள்ளே மூன்று படுக்கையறையுமாகக் கட்டினார். 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, தன் வஞ்சனையால் தானே லாபமடைய எவனுக்கும் உரிமையில்லை என்று அவரைக் கைவிட்டது. அதே வருஷம் பார்லிமெண்டும், மறைத்துக் கட்டியது வெளிப்பட்டால் தவணை கடந்திருந்தாலும் மாஜிஸ்டிரேட்டு கோர்ட்டின் உத்தரவு பெற்று மேலும் ஓராண்டுக்குள் நடவடிக்கை எடுக்கலாமென்று சட்டம் செய்தது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் நான்கு வருஷமென்பதே பத்து வருஷமாகிவிட்டது.

பத்து வருஷம் ஒளிந்து வாழ்வது எத்தகைய வாழ்வு? கட்டட விதிப்படி புகைபோக்கியையும் கழிவுநீர்க் குழியையும் சோதிக்க அதிகாரியைக் கூப்பிட முடியாது. காற்றோட்டமில்லாத சிறு மரக்குடிலில் விறகடுப்பு சரியாக எரியாவிட்டால், மணமும் நிறமுமற்ற விஷவாயு தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். கோர்ட்டுக் கொடுக்கும் தண்டனையைவிட இதையே நாம் பெரிய அபாயமாகக் கருதுகிறோம்.

ஆங்கிலேயனுக்கு அண்டை வீட்டுக்காரனான வேல்ஸ் நாட்டானிடம் வேறொரு மரபு இருந்தது. ஊர்ப் பொதுநிலத்தில் சூரியன் மறைந்தபின் தொடங்கி, பொழுது விடியுமுன் கூரையிட்டு அடுப்புப் புகையைக் கிளப்பிவிட்டால் வீடு கட்டினவனுக்கே சொந்தம். வாயிலில் நின்று கோடரியை வீசி எறிந்தால் விழும் தூரம் வரை நிலமும் சொந்தம் என்று ஏழைகள் நம்பினார்கள். ஓரிரவு வீடு என்பதே அதன் பெயரின் பொருள். கோர்ட்டுகள் இதை ஒருபோதும் சட்டமாக ஒப்பவில்லை. ஆனால் ஜனங்கள் ஒப்பினார்கள். 1820-ஐ ஒட்டி லிங்கன்ஷையர் கனவானொருவர் கார்டிகன்ஷையரின் மலைப்பொதுநிலத்தை விலைக்கு வாங்கி வேலியடைக்க வந்தபோது, ஊரார் அவர் கட்டிய வீட்டை எரித்தார்கள். அக்கலகத்துக்குச் சிறிய ஆங்கிலேயனுடைய யுத்தம் என்று பெயரிட்டு இன்றும் பேசுகிறார்கள்.

அதே நாட்டில் பெம்ப்ரோக்ஷையரில் ஒரு தம்பதியர் மரமும் மண்ணும் கொண்டு, கூரையில் புல் வளர்த்து, 1997-ல் வட்டக் குடிசை ஒன்று அமைத்தார்கள். மறுவருஷம் வானிலிருந்து படமெடுத்த விமானம் அதைக் காட்டிக்கொடுத்தது. தேசியப் பூங்கா அதிகாரிகள் இடிக்கச் சொன்னார்கள். அவர்கள் அதன்பின் ஒளியவில்லை. எங்கள் குடிசையால் பூமிக்கு என்ன நஷ்டம், கணக்குப் பாருங்கள் என்று பகிரங்கமாக வாதாடினார்கள். பத்து வருஷம் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 2008-ல் அனுமதி கிடைத்தது. 2010-ல் வேல்ஸ் சர்க்கார், ஐந்து வருஷத்துக்குள் தன் உணவு, வருமானம், எரிசக்தி ஆகியவற்றின் அத்தியாவசியத் தேவையைத் தன் நிலத்திலிருந்தே பெறக் கூடியவனுக்கு நாட்டுப்புறத்திலும் வீடு கட்ட இடமளிக்கும் கொள்கையை வெளியிட்டது. அனுமதியின்றி வைக்கோற் சுவர் வீடு கட்டி, இடிக்கும் உத்தரவு பெற்றுத் தவித்த மற்றோர் இளந்தம்பதியரும் அக்கொள்கையைக் கொண்டே 2015-ல் தங்கள் வீட்டைக் காத்துக்கொண்டார்கள். இவ்வகை அனுமதி பெற்றோர் வருஷந்தோறும் விளைச்சல் கணக்கைக் கவுன்ஸிலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.