சூரை, வாள்மீன் கண்காணிப்பும் உணவுப் பாதுகாப்பும்

சூரையும் வாள்மீனும் ஆழ்கடலில் நெடுந்தொலைவு இடம்பெயரும் மீன்களாகும். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் பல நாட்கள் கடலில் தங்கித் தூண்டில் முறையில் இவற்றைப் பிடிக்கின்றனர். தூத்துக்குடி, சென்னை காசிமேடு ஆகிய துறைமுகங்களிலும் இவை இறக்கப்படுகின்றன. கடற்கரையிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஜவ்வாது மலை போன்ற பகுதிகளைக் கடல்மீன் அடைவதற்குள் அது பல கைகள் மாறிவிடும். சந்தையில் துண்டுகளாக வாங்குபவர், அது எந்த வகை மீன், எவ்வளவு பெரியது, பிடிபட்டு எத்தனை நாளாயிற்று என்பதைப் பார்த்து அறிய இயலாது. உடல்நலத்தைப் பொறுத்தவரை முதன்மையான கேள்விகள் இம்மூன்றுமே. இவற்றுக்கான விடை துறைமுகத்தில்தான் பதிவாகிறது.

துறைமுகத்தில் நடைபெறும் பணி

1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நாட்டின் கடற்கரை முழுவதும் மீன் இறக்கத்தைக் கணக்கெடுக்கிறது. கரைக்கு வரும் ஒவ்வொரு மீனையும் எடைபோடுவது இயலாத காரியம். எனவே கடற்கரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, இறங்குதளங்களும் நாட்களும் மாதிரிமுறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அந்நாட்களில் கணக்கெடுப்பாளர்கள் படகுகள், வலை அல்லது தூண்டில் வகை, மீன் இனம், எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கின்றனர். சூரையின் நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளக்கப்படுகிறது. வாள்மீனின் வாள் முறிந்திருக்க வாய்ப்புள்ளதால், அதன் அளவு கீழ்த்தாடையிலிருந்து தொடங்கும். காதுக்கல்லில் உள்ள வளையங்களைக் கொண்டு வயதும், இனப்பெருக்க உறுப்புகளைக் கொண்டு முதிர்ச்சியும் மதிப்பிடப்படுகின்றன. இந்திய மீன்வள அளவைத் துறையின் ஆய்வுக் கப்பல்கள் நெடுந்தூண்டில் மூலம் கடலிலேயே இத்தகைய தரவுகளைத் திரட்டுகின்றன.

இம்மீன்களுக்கு நாட்டின் எல்லை கிடையாது. ஆகவே இந்தியா உள்ளிட்ட உறுப்பு நாடுகளின் தரவுகள், 1996-இல் நிறுவப்பட்டு சேஷெல்ஸ் நாட்டிலிருந்து இயங்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. வாள்மீன் உட்பட 16 இனங்கள் அதன் பொறுப்பில் உள்ளன. 2005 முதல் 2007 வரை இப்பெருங்கடலில் 1,60,000-க்கும் மேற்பட்ட சூரை மீன்களுக்கு அடையாளக் குறி பொருத்தி விடப்பட்டது. பின்னர் பிடிபட்ட மீன்களின் குறிகளிலிருந்து அவற்றின் வளர்ச்சியும் பயணமும் கணிக்கப்பட்டன. இக்கண்காணிப்பின் முதல் நோக்கம் மீன்வளம் குன்றாமல் காப்பதே. ஆயினும் இதே நீளமும் வயதும் உணவுப் பாதுகாப்புக்கும் அடிப்படையாகின்றன.

பாதரசம்: இனமும் அளவும்

கடலில் கலக்கும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு உயிரியைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் உண்ண, அதன் செறிவு படிப்படியாக உயர்கிறது. நெடுநாள் வாழ்ந்து பிற மீன்களை உண்ணும் வாள்மீனில் அது மிகுதியாகச் சேர்கிறது. தசையோடு பிணைந்திருப்பதால் கழுவுதல், தோலுரித்தல், சமைத்தல் ஆகிய எதனாலும் அது நீங்காது. கருவிலுள்ள குழந்தையின் வளரும் மூளையையே இது முதன்மையாகப் பாதிக்கிறது.

உலக அளவிலான வல்லுநர் குழு 2003-இல் வகுத்த வரம்பின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை ஏற்கத்தக்கது. 50 கிலோ எடையுள்ள கர்ப்பிணிக்கு இது வாரம் 80 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீடுகளில் வாள்மீனின் சராசரி கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். மஞ்சள் துடுப்புச் சூரை என்னும் கேரையில் 0.35, உருவில் சிறிய வரிச்சூரையில் 0.14. அதாவது வாள்மீனில் 80 கிராம், ஒரு துண்டு மட்டுமே, அந்த வரம்பை எட்டிவிடும். கேரையில் ஏறத்தாழ 225 கிராமும் வரிச்சூரையில் 550 கிராமுக்கு மேலும் உண்டால்தான் அதே அளவு சேரும். ‘சூரை’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் மீன்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு உள்ளது. கடற்பகுதியையும் மீனின் பருமனையும் பொறுத்து இவ்வளவுகள் மாறக்கூடும் என்பதால், பிற நாட்டுச் சராசரியை அப்படியே கொள்ளாமல் நம் துறைமுகங்களில் நீளம் அளந்த மீன்களிலிருந்தே மாதிரிகளை எடுத்துச் சோதிப்பது இன்றியமையாதது.

இதற்காகக் கர்ப்பிணிகள் மீனையே தவிர்த்துவிடக் கூடாது. புரதம், அயோடின், ஒமேகா-3 கொழுப்பு அமிலம் ஆகியவற்றை மீன் தருகிறது. வாள்மீன், கொப்பரான், சுறா ஆகியவற்றைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உண்ணலாம். பாலூட்டும் தாய்மார்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதுவே பொருந்தும்.

ஹிஸ்டமின்: குளிர்ச்சி குலைந்தால்

மலைப்பகுதி மக்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இதுவே. சூரையின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் இறந்தபின் வெப்பத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. கானாங்கெளுத்தியிலும் மத்தியிலும் இவ்வாறே நிகழும். பன்னாட்டு உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ் இதற்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்துள்ளது. ஒருமுறை உருவான ஹிஸ்டமின் சமைத்தாலும், உறைய வைத்தாலும், டின்னில் அடைத்தாலும் அழிவதில்லை. மீனின் நிறமோ மணமோ மாறாமலும் இருக்கலாம். துறைமுகத்தில் நல்ல நிலையில் இறங்கிய மீன், வழியில் பனிக்கட்டி உருகியதாலேயே நஞ்சாகக்கூடும்; துறைமுகப் பதிவு இதனைக் காட்டாது.

உண்ட சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் முகம் சிவத்தல், வாயில் எரிச்சல், தலைவலி, தோலில் தடிப்பு, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். இது மீன் ஒவ்வாமை போலவே தோன்றுவதால், பலர் வாழ்நாள் முழுவதும் மீனைக் கைவிடுகின்றனர். உடன் உண்ட பிறருக்கும் இதே அறிகுறிகள் இருந்தனவா என்பதை மருத்துவரிடம் தெரிவிப்பது நோயறிதலுக்கு உதவும். பெரும்பாலும் ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தால் குணமாகும். மூச்சுத்திணறலோ மயக்கமோ ஏற்பட்டால் உடனடியாக 108-ஐ அழைக்கவும்.

வாங்கும்போது மீனின் பெயரையும் அது முழு மீனாக இருந்தபோதைய அளவையும் விற்பவரிடம் கேட்டறியவும். பனிக்கட்டியில் புதைந்திராத சூரையை வாங்க வேண்டாம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையெனில் வாங்கிய உடனே சமைத்து, அன்றைக்கே உண்டு முடிக்கவும். கர்ப்பகால உணவு குறித்த ஐயங்களுக்குக் கிராம சுகாதார செவிலியரை அணுகலாம்.