உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானியரின் அ, ஆ, இ, ஈ

இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் பக்கம் ஏறும் வான்களில் பல ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. சிலவற்றில் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். "ஈ.டி.சி. அட்டை செருகப்படவில்லை" என்பதே அந்த அறிவிப்பு. அந்நாட்டு அதிவேகப் பாதைகளில் கட்டணம் அறவிடும் அட்டை அது. சாரதியின் கதவைத் திறந்தால் காற்றழுத்த அளவு அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் 'தா-இ-யா' என்ற மூன்று எழுத்தைத் தேடிப் பாருங்கள். டயரைத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

அந்த எழுத்துக்குப் பெயர் கத்தக்கானா. வெளிநாட்டுச் சொல்லுக்கும் பெயருக்கும் உரியது. சொந்தச் சொற்களுக்கும் விகுதிகளுக்கும் ஹிரகானா. இரண்டிலும் அடிப்படை எழுத்து 46தான். சுமார் 9ஆம் நூற்றாண்டில் சீன எழுத்தைச் சுருக்கியே இரண்டையும் உண்டாக்கினார்கள். சீன எழுத்தையும் விடவில்லை; ஒரே வரியில் மூன்றும் கலந்து வரும்.

ஜப்பானில் பெரும்பாலான வாகன இலக்கத்தகடுகளில் ஒரு ஹிரகானா எழுத்து உண்டு. ஆனால் 'ஷி' வராது. சாவைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலிதான்!

ஜப்பானியப் பிள்ளைகள் சொல்லும் வரிசையைக் கேளுங்கள்: அ, இ, உ, எ, ஒ; பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹகரம் முற்காலத்தில் பகரமாக ஒலித்தது. அப்படியானால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடியேதான்! இந்தியாவிலிருந்து சீனா வழியாகச் சென்ற சித்தம் எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகள் மூலம் அங்கே வேரூன்றிய ஒழுங்கு இது. ஆகவே ஜப்பானிய மொழி படிக்கும் நம் மலையகப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தேவையில்லை. தமிழ் நெடுங்கணக்கே போதும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தமிழில் கந்தனுக்கும் கணேசனுக்கும் ஒரே 'க'. அங்கே கணேசனின் 'க'வுக்கு மேலே இரண்டு சிறு கோடு போட வேண்டும். லகரமோ இல்லவே இல்லை. லலிதா 'ரரிதா' ஆகிவிடுவார்.

2019இல் இலங்கையும் ஜப்பானும் செய்த உடன்பாட்டின்படி முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்குப் போக மொழிப் பரீட்சை அவசியம். போன பிறகும் வங்கி, ஆஸ்பத்திரிப் படிவங்களில் பெயரை எப்படி வாசிப்பது என்று கத்தக்கானாவில் நிரப்ப ஒரு கட்டம் இருக்கும். உங்கள் பெயருக்கான கத்தக்கானா எழுத்துகளை ஆசிரியரிடம் கேட்டு இங்கேயே முடிவுசெய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.