யாரும் பார்க்காத 80

நான்கு கிலோமீட்டர் சாலை. தொடக்கத்தில் ஒரு கேமரா, முடிவில் ஒரு கேமரா. வேக வரம்பு 70. இரண்டையும் கடக்கும்போது உங்கள் கார் ஒழுங்காக மணிக்கு 60 கிலோமீட்டரில்தான் போகிறது. ஆனால், இடைப்பட்ட தூரத்தை மூன்றே நிமிடத்தில் கடந்துவிட்டீர்கள். தப்ப முடியுமா?

முடியாது. சராசரி வேகம் 80. அப்படியானால் வழியில் ஒரு கணமாவது உங்கள் வேகம் சரியாக 80-ஆக இருந்தே தீர வேண்டும். 2018 டிசம்பரில் தானா மேரா கோஸ்ட் ரோட்டில் நம் போக்குவரத்துக் காவல்துறை இயக்கத் தொடங்கிய சராசரி வேகக் கேமராவும் இதே கணக்குதான். நுண்கணிதத்தில் இதற்குச் சராசரி மதிப்புத் தேற்றம் என்று பெயர்.

பொறியியல் முதலாண்டு படிக்கும் என் அக்கா மகள் அந்தத் தேற்றத்தை மனப்பாடமாகச் சொல்வாள். காரைப் பற்றிக் கேட்டால், “சித்தி, இது சிலபஸ்ல இருக்கா?” என்கிறாள். கணிதத் தேர்வில் நல்ல மதிப்பெண்தான். இயந்திரவியல் வகுப்பில் அதே வகைக்கெழு வேகமாகவும் முடுக்கமாகவும் வந்து நின்றதும் திணறல். துறையையே மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாள். “நீ கண்டுபிடித்த விடை என்ன சொல்கிறது?” என்று கேட்டால் மௌனம். வானொலியில் அத்தனை விநாடி மௌனம் விழுந்தால் என் வேலை போய்விடும்!

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இதே சிக்கலைக் கண்டார். விரிவுரையை நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், மறுபடியும் விடை. இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்கு, பக்கத்திலிருப்பவர் எங்கே இடறுகிறார் என்பது பேராசிரியரைவிட நன்றாகத் தெரியும்.

கார்னெல் பல்கலைக்கழகம் இதை நுண்கணித வகுப்புக்குக் கொண்டுவந்தது. அங்கே கேட்ட ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: பவுண்டில் உங்கள் எடையும் அங்குலத்தில் உங்கள் உயரமும் வாழ்நாளில் எப்போதாவது ஒரே எண்ணாக இருந்ததுண்டா? பிறந்தபோது ஏறக்குறைய 7 பவுண்டு, 20 அங்குலம். இன்று 130 பவுண்டு, 64 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்தங்கியிருந்த எண் முந்திவிட்டது. சமமாகாமல் எப்படி முந்தும்? தொடர்ச்சி என்ற கருத்து சூத்திரமே இல்லாமல் கைக்கு வந்துவிடுகிறது.

தேர்வுத்தாள்தான் எனக்கு உறுத்துகிறது. வகுப்பில் எவ்வளவு வாதாடினாலும் தேர்வில் ‘வகைக்கெழு காண்க’ மட்டுமே வந்தால், பிள்ளைகள் பழைய வினாத்தாள்களுக்கே திரும்புவார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அந்தக் காரைப் பற்றி ஒரு கேள்வி வரட்டும், 20 மதிப்பெண்ணுக்கு. ஐந்துக்கு வைத்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.