குவாமே குவெய்-ஆர்மா: கடைக்குள் ஒரு சமூகத்தின் வழக்கு

1967இல் லண்டனில், கிரெனடா தீவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் நாடகாசிரியர் இயன் ராபர்ட்ஸ். தன் வம்சத்தின் வேரைக் கானா வரை தேடிக் கண்டபின், அடிமை முறை சுமத்திய பெயரை உதறி குவாமே குவெய்-ஆர்மா ஆனார். வேரை இழந்தவர்கள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பார்கள் என்பதே அவர் நாடகங்களின் மையக் கேள்வி. 2003இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறிய அவரது ‘எல்மினாஸ் கிச்சன்’ நாடகம், லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில் நடக்கிறது. முன்னாள் குத்துச்சண்டை வீரர் டெலி நேர்மையாகப் பிழைக்கப் பார்க்கிறார். அதே கடையில் வந்து உட்காரும் ரவுடி டிகரின் பணமும் மிடுக்கும் டெலியின் மகன் ஆஷ்லியை இழுக்கின்றன.

கறுப்பர் என்றாலே துப்பாக்கி என்ற பொதுப்புத்திக்கு இந்த நாடகம் தீனி போடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் குவெய்-ஆர்மா குற்றத்தை வேடிக்கையாகக் காட்டவில்லை. குடும்பத்தைக் கைவிட்ட தாத்தா, தடுமாறும் தந்தை, வழிதவறும் மகன் என மூன்று தலைமுறை ஆண்களை ஒரே மேடையில் நிறுத்திக் கணக்குக் கேட்கிறார். அடுத்து வந்த ‘ஃபிக்ஸ் அப்’ நாடகத்தைப் பாருங்கள்: லண்டனின் டாட்டன்ஹாமில் கறுப்பர் வரலாற்று நூல்கள் விற்கும் கடை வாடகைக்குத் தவிக்கிறது, அந்த இடத்தைக் கூந்தல் பொருட்கள் விற்கும் கடை பிடிக்கப் பார்க்கிறது. 2007இல் வந்த ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் ரிக்ரெட்’ கறுப்பினக் கொள்கை ஆய்வாளர்களுக்குள்ளேயே நடக்கும் சண்டை. வெள்ளையருக்கு விளக்கம் சொல்லும் நாடகங்கள் அல்ல இவை. தம் மக்களோடு உரிமையோடு வாதாடுபவை. 2018 முதல் 2024 வரை லண்டன் யங் விக் அரங்கின் கலை இயக்குநராக இருந்தபோது, யாருடைய கதை மேடையேறும் என்று தீர்மானிக்கும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.